சடைக்கு வைத்த லிப்ட்

சும்மா இருக்க ஒரு மனிதனால் கற்றுக்கொள்ள முடியுமா? அதுவும் கையில் தொழில் உள்ள மனிதனால்? சும்மா இருப்பதைப் பெரிய ஞானம் என்று பேசுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு ஆணியைக்கூட நேராக அடித்தறியாதவர்கள். அவர்களுக்கு அது சுலபம். லிப்ட்காரருக்கு அப்படி வாய்க்கவில்லை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வரும்வரை அப்படியொரு கேள்வி தன்னைத் தேடி வரும் என்று அவர் நினைத்ததும் இல்லை.

குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிப்ட்காரர்தான். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில், கிரீஸ் வாடைக்கு நடுவே தன் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவர். கம்பிக் கயிற்றை விரலால் வருடிப் பார்த்தே எந்த இழை விடப்போகிறது என்று சொல்லிவிடுவார் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். வீட்டில் அவர் மனைவிக்குத் தெரிந்தது வேறு. அவர் விரல் பட்ட எந்தப் பொருளும் பழையபடி இருப்பதில்லை. மிக்சி சத்தம் போடுகிறது என்று பிரித்தார். சத்தம் நின்றது, ஓடும்போது மூடி பறக்க ஆரம்பித்தது. அழைப்பு மணியைச் சரிசெய்தார். அன்றிலிருந்து இவர்கள் வீட்டு மணியை அழுத்தினால் எதிர்வீட்டு டீச்சர் வந்து தன் வீட்டுக் கதவைத் திறப்பார். நன்றாக ஓடுகிற கடிகாரத்தைக்கூட "எப்படி ஓடுதுன்னு பார்த்து வெச்சுக்கலாம்" என்று கழற்றியவர் அவர்.

மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, அம்மாவுக்குக் காலை வேலை என்றால் அப்பாதான் சடை பின்னிவிடுவார். கம்பிக் கயிறு முறுக்குகிற அதே கவனம், அதே இறுக்கம். சாயங்காலம் வரை ஒரு முடி விலகாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணுக்குப் புருவம் இரண்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுகிறவள் போல இருப்பாள். "என்னம்மா, தலை வலிக்குதா?" என்று வாத்தியார்கள் கேட்பார்கள். "இல்ல சார், எங்கப்பா பின்னினது" என்பாள்.

அந்த மகளோடுதான் அவருக்குப் பேச்சு அறுந்து இரண்டு வருடமாகிறது.

சண்டை என்று அதைச் சொல்ல முடியாது. யாரும் குரலை உயர்த்தவில்லை. மகளும் மருமகனும் ஒரு வாரம் வெளியூர் போனார்கள். ஒழுகுகிற ஒரு குழாயைப் பார்த்து வைக்கும்படி அப்பாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் குழாய் ஒழுகவில்லை. அது மட்டுமா? குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பதற்குப் பதில் வெளிப்பக்கமாகத் திறந்தது. சமையலறை அலமாரிகள் எல்லாம் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தன. கட்டில் இடம் மாறியிருந்தது. மகள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கூடத்தின் நடுவில் நின்றாள்.

"அப்பா, இது நாங்க வாழற வீடு. ரிப்பேருக்கு விட்ட இடம் இல்ல."

அவ்வளவுதான். அவர் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அதற்குப் பிறகு மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகள் வந்தால், அவருக்கு அந்த நேரம் பார்த்துக் கடையில் ஏதாவது வாங்க வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்செல்லாம் மனைவி வழியாகத்தான் நடந்தது. அவள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள். பயந்து வருகிறவர்களிடம் "கொஞ்சம்தான் வலிக்கும்" என்று சொல்லிச் சொல்லி அவள் குரலே அப்படி ஆகிவிட்டது. அப்பா சொன்னதை மகளிடமும், மகள் சொன்னதை அப்பாவிடமும் அதே குரலில்தான் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஆனால் நாளாக ஆகக் கொண்டுபோகவும் ஒன்றும் மிஞ்சவில்லை. "சாப்பிட்டாரா?" "சாப்பிட்டார்." "கால் வலி?" "பரவாயில்ல." இப்படியே போனால் ஒருநாள் இதுவும் நின்றுவிடும் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் சடை வந்தது.

மகள் வீடு மாறிக்கொண்டிருந்தாள். பழைய வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. புது வீட்டில் வேலை முடியவில்லை. இடையில் மருமகனின் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். சாமான்களை எங்கேயோ போட்டு வைத்தார்கள். ஒன்றை மட்டும் எங்கேயும் போட முடியவில்லை. மகள் அதைக் காரின் பின்சீட்டில் பெல்ட் மாட்டி உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் மருமகனை "மெதுவா, மெதுவா" என்று திட்டிக்கொண்டே கொண்டுவந்தாள்.

தொங்கும் தொட்டியில் ஒரு செடி. தொட்டியின் விளிம்பிலிருந்து நாலாபக்கமும் தடித்த கொடிகள் இறங்கி இடுப்பளவுக்குத் தொங்கின. கொடி முழுக்க இடைவெளியே இல்லாமல், அரிசியைவிடப் பெரிதாக, மொச்சையைவிடச் சிறிதாக, உருண்டு திரண்ட இலைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பின்னியிருந்தன. பச்சைதான், ஆனால் மேலே சாம்பல் பூத்தது போல ஒரு பூச்சு. பார்த்தால் அச்சு அசல் சடை. மகள் அதை அப்படித்தான் கூப்பிட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன் அவள் இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். அப்போது பார்க்க வந்த தோழி ஒருத்தி, தேநீர்க் கோப்பைத் தட்டில் ஒரே ஒரு இலையை வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். புரண்டு படுக்கவும் முடியாமல் கிடந்தவளுக்கு அந்த நாட்களில் பார்ப்பதற்கென்று இருந்தது அந்தத் தட்டு ஒன்றுதான். அது வேர் விட்டது, முளை விட்டது, தொட்டிக்குப் போனது. அவள் எழுந்து நடந்தபோது அதுவும் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது. இது அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

பால்கனிக் கொக்கியில் மருமகன் தொட்டியை மாட்டினான். மகள் அம்மாவிடம் சொன்னாள்.

"தண்ணி அடிக்கடி ஊத்தாதே. இலை லேசா சுருங்கினா மட்டும் போதும். அதுவே தண்ணியைச் சேர்த்து வெச்சிருக்கும். இடத்தை மாத்தாதே. முக்கியமா, தொடாதே. தொட்டா உதிரும். அப்பாகிட்டயும் சொல்லிடு."

"நான் இங்கதான் இருக்கேன்" என்றது நாற்காலியில் விரிந்திருந்த செய்தித்தாள்.

மகள் செய்தித்தாளைப் பார்த்தாள். "சரி. கேட்டிருச்சு இல்ல" என்று அம்மாவிடம் சொன்னாள். அன்று அவர் கடைக்குப் போகவில்லை என்பதை அம்மா மனதில் குறித்துக்கொண்டாள். மகள் அந்தச் செடியை வேறு எங்கும் விடாமல் இங்கே கொண்டுவந்தாள் என்பதையும் சேர்த்துத்தான்.

ஆனால் அன்று ராத்திரியே அவள் எழுந்து போய் ஒருமுறை செடியைப் பார்த்துவிட்டு வந்தாள். இந்த மனுஷன் கையில் இந்தச் செடியா? எல்லாம் சரியாக நடந்தால் அப்பாவும் மகளும் திரும்பப் பேசிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும். தப்பாகப் போனால், மிச்சமிருக்கிற ஒரு இழையும் அறுந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் சில வாரங்கள் அவர் அதன் பக்கமே போகவில்லை. போகவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தச் சாம்பல் பூச்சு அப்படிப்பட்டது. விரல் பட்டால் அழிந்து, பட்ட இடத்தில் பச்சை பளிச்சென்று தெரியும். வேலை முடிந்து வந்ததும் அவள் ஸ்டூல் போட்டு ஏறி, போலீஸ்காரி போல ஒவ்வொரு கொடியாகக் கைரேகை தேடுவாள்.

"என்ன, கேஸ் ஏதாவது கிடைச்சுதா?" என்பார் உள்ளேயிருந்து.

"இன்னும் இல்ல. வாய்தா போட்டிருக்கேன்."

அவளுக்கு முழங்கால் அவ்வளவு நன்றாக இல்லை. ஒருநாள் ஸ்டூலில் இருந்து இறங்கும்போது தடுமாறினாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் பார்த்துவிட்டார். தலையை லேசாகச் சாய்த்து, கொக்கியைப் பார்த்தார்; தொட்டியைப் பார்த்தார்; ஸ்டூலைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். கடிகாரம் கழற்றப்பட்ட அன்றும் அதே பார்வைதான்.

"என்னங்க, ஒண்ணும் பண்ணாதீங்க."

"நான் என்ன பண்ணினேன்? சும்மாதானே உக்காந்திருக்கேன்."

மறுநாள் மாலை அவள் வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். முகம் பூரித்திருந்தது. "வா வா. செருப்பைக்கூட அப்புறம் கழட்டலாம். இங்க வா."

பால்கனிக் கூரையில் இரண்டு கப்பிகள். அவற்றின் மேல் ஒரு நைலான் கயிறு. கயிற்றின் ஒரு முனையில் சடை. மறுமுனையில், பழைய நட்டும் போல்ட்டும் நிரப்பிய ஒரு துணிப்பை. தொட்டியின் எடைக்கு அணு பிசகாமல் சமன் செய்த எதிர்எடை. கீழே சுவரில், கயிற்றைப் பிடித்து நிறுத்த ஒரு சின்ன பிரேக்.

"தொங்கற எதுவும் நம்ம டிபார்ட்மெண்ட்" என்றார். "இனிமே நீ ஸ்டூல்ல ஏறவே வேண்டாம். இந்தா, இதை விட்டு லேசா அசைச்சா இறங்கும், பிடிச்சா நிக்கும். ஒரு விரல் போதும். ஒரு ஆட்டம் இருக்காது பாரு."

உண்மையைச் சொல்ல வேண்டும்: ஆட்டம் இல்லை. தொட்டி எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு இறங்கியது. பூ மிதப்பது போல அவள் கண்மட்டத்துக்கு வந்தது. அவளே ஒரு நொடி அசந்துபோனாள். அவர் பிரேக்கைப் பிடித்தார். எந்த லிப்ட் நிற்கும்போதும் ஒரு சின்னக் குலுங்கல் இருக்கும். ஆட்கள் உள்ளே நின்றால் அதை உணரக்கூட மாட்டார்கள்.

சடை உணர்ந்தது. பையிலிருந்து பருப்பு கொட்டுவது போலப் பொலபொலவென்று இலைகள் உதிர்ந்தன. தரையில் பட்டுத் தெறித்து, பால்கனியின் மூலைமுடுக்கெல்லாம் உருண்டன. பதறிப்போய் அவர் கயிற்றை மேலே இழுத்தார். மறுபடியும் ஒரு பொலபொல. "விடாதீங்க! இழுக்காதீங்க! ஐயோ, பிடிக்காதீங்க!" என்று அவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். விட்டாலும் உதிரும், இழுத்தாலும் உதிரும்.

சத்தம் ஓய்ந்தபோது கொடிகளின் மேல்பாதி மொட்டையாக இருந்தது. கடித்துத் துப்பிய எலும்பு போல வெறும் தண்டு. நுனியில் மட்டும் கொஞ்சம் இலை குஞ்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

"பெருக்காதே" என்றார்.

"பின்ன?"

"கழண்டு விழுந்த சாமானை எறியக் கூடாது."

மோட்டார் அறையில் அது சட்டம். ஒரு திருகாணி விழுந்தால், அது எங்கிருந்து விழுந்தது என்று தெரியும்வரை அதைப் பத்திரப்படுத்த வேண்டும். தெரியாமல் எறிந்துவிட்டு லிப்டை ஓட்டக் கூடாது. அவர் முழந்தாளிட்டு ஒவ்வொரு இலையாகப் பொறுக்கினார். ஷூ அலமாரிக்கு அடியில் கைவிட்டும் எடுத்தார். திருகாணிகள் வைக்கும், சின்னச் சின்ன அறைகள் தடுத்த தட்டைக் கொண்டுவந்து, இருந்த திருகாணிகளைக் கொட்டிவிட்டு, இலைகளை அதில் போட்டார்.

"எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டப் போறீங்களா?" என்றாள் அவள். கோபத்தில் கேட்டதுதான். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே அதை யோசிக்கிறாரோ என்று அவளுக்கு ஒரு கணம் பயமாகிவிட்டது. அவர் தட்டைக் கொண்டுபோய்ப் படுக்கையறை பீரோவின் மேல், கண்ணில் படாத இடத்தில் வைத்தார். அன்றைக்கே கப்பிகளைக் கழற்றினார். தொட்டியைப் பழைய கொக்கியிலேயே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மாட்டினார். அப்போதும் சில விழுந்தன. அவற்றையும் பொறுக்கினார்.

அதோடு அவர் கையை மடக்கிக்கொண்டார்.

விளையாட்டுக்குச் செய்ததல்ல. குளியலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது, அவர் எழுந்திருக்கவில்லை. கூடத்துக் கதவு கிறீச்சிட்டது, எண்ணெய் விடவில்லை. மிக்சி மூடி ஒருநாள் பறந்து வந்து அவர் காலடியிலேயே விழுந்தது. எடுத்து மேடைமேல் வைத்துவிட்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கைகள் இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவார், குளிர் அடிக்கிறவர் போல. முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டில் திருகாணி மிதிபடவில்லை, தரையில் கிரீஸ் இல்லை. கொஞ்ச நாள் போனதும் அந்த அமைதி உறுத்த ஆரம்பித்தது. வேண்டுமென்றே ஒருநாள் டார்ச் விளக்கை அவர் மடியில் வைத்தாள்.

"இது எரியலை, என்னன்னு பாருங்களேன்."

"கடைல குடு."

"கடைக்காரனுக்கு உங்க அளவுக்குத் தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்?" என்றார். கேலியாகக்கூட இல்லை.

மகள் தொலைபேசியில் கேட்டாள்: "சடை எப்படிம்மா இருக்கு?"

"இருக்கு" என்றாள், கொஞ்சம்தான் வலிக்கும் குரலில். பொய்யில்லை. இருந்தது.

"அப்பா கை வைக்கலையே?"

"இப்ப எதுலயும் கை வைக்கறதில்லை." அதுவும் பொய்யில்லை. சொல்லிவிட்டு, நாற்காலியில் கை மடக்கி உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒருநாள் மகள் சொல்லிவிட்டாள்: புது வீடு தயார். ஞாயிற்றுக்கிழமை வந்து செடியை எடுத்துக்கொள்கிறோம்.

"ஞாயிற்றுக்கிழமை எனக்கு வெளில ஒரு வேலை இருக்கு" என்றார் லிப்ட்காரர்.

"உங்களுக்கு என்ன வேலை? நீங்கதான் வேலையே செய்யறதில்லையே."

"இல்ல. நான் இல்லாம இருக்கறது நல்லது."

"ஓடிப் போகாதீங்க. அவ முகத்தைப் பார்த்து, ஆமா, நான்தான் பண்ணினேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இந்தத் தடவையும் கடைக்குப் போனீங்கன்னா..." அவள் முடிக்கவில்லை. இந்தத் தடவை போனால் அப்புறம் திரும்ப வாய்ப்பு இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

தொட்டியைச் சுற்றிக் கொண்டுபோகப் பழைய போர்வை ஏதாவது கிடைக்குமா என்று சனிக்கிழமை மத்தியானம் அவள் பீரோவின் மேல் தேடினாள். எட்டவில்லை. ஸ்டூல் போட்டு ஏறினாள். போர்வைக்குப் பின்னால் அந்தத் தட்டு இருந்தது. அவள் அதை மறந்தே போயிருந்தாள். காய்ந்த சருகு இருக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கொட்டிவிடலாம் என்று கையில் எடுத்தாள்.

எடுத்தவள் அப்படியே நின்றாள். ஒவ்வொரு அறையிலும், சுருங்கிப்போன பழைய இலையின் காம்பு முனையில், தலைமுடி போல இளஞ்சிவப்பாக வேர்கள். வேரின் அருகே, குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, ரோஜா மொட்டை அச்சில் வார்த்தது போல, குட்டி குட்டிச் சடைகள். ஒன்றிரண்டு இல்லை. தட்டு முழுக்க. மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. மேலே ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சம் மட்டும்தான்.

"என்னங்க! இங்க வாங்க! ஓடி வாங்க!"

அவள் விழுந்துவிட்டாள் என்று நினைத்து அவர் ஓடி வந்தார். வந்தவர் தட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின் இறக்கி, மறுபடியும் ஏற்றினார்.

"யாரு தண்ணி ஊத்தினது?"

"யாரும் ஊத்தலை."

"நீ எடுத்து எடுத்துப் பார்த்தியா?"

"நான் இதை மறந்தே போயிட்டேன். நீங்க?"

"நானும் பார்க்கலை. பார்க்கறதுக்கு..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்க்கறதுக்கு வெக்கமா இருந்துது."

அவள் சிரித்துவிட்டாள். ஸ்டூல்மேல் நின்றுகொண்டே சிரித்தாள். "வாழ்க்கையிலயே நீங்க ஒரு பொருளை முதல் தடவையா சும்மா விட்டிருக்கீங்க. பாருங்க அது என்ன ஆட்டம் போடுதுன்னு." அவர் சிரிக்கவில்லை. ஆனால் கக்கத்திலிருந்து கைகள் வெளியே வந்திருந்தன. அவளைக் கைப்பிடித்து ஸ்டூலிலிருந்து இறக்கிவிட்டார். பிறகு பால்கனிக்குப் போய், தொடாமல், முதுகுக்குப் பின்னால் கை கட்டிக்கொண்டு, மொட்டைத் தண்டுகளை அண்ணாந்து பார்த்தார். இலை விழுந்த தழும்புகளில் சிலவற்றில் பச்சையாக ஏதோ முளைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டு டீச்சர் வழக்கம்போல வந்து கதவைத் திறந்து, "உள்ள போங்கம்மா, இருக்காங்க ரெண்டு பேரும்" என்று அனுப்பிவைத்தார். மகள் நேராகப் பால்கனிக்குப் போனாள். மருமகன் பின்னாலேயே போய், பார்த்துவிட்டு, ஒரு அடி பின்வாங்கினான். அம்மா சமையலறை வாசலில் நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

லிப்ட்காரர் மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நான்தான். அம்மா ஸ்டூல்ல ஏற வேண்டாம்னு பார்த்தேன். கப்பி போட்டு, எதிர்எடை வெச்சு... ஏறி இறங்கற மாதிரி பண்ணினேன்."

மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். "சடைக்கு லிப்ட் வெச்சீங்களா?"

"ஆமா."

"பிரேக்கோட?"

"பிரேக் இல்லாம எப்படி?" என்றார், கொஞ்சம் பழைய மிடுக்கோடு.

அவள் உதட்டைக் கடித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வர, குனிந்து சிரித்தாள். "எத்தனை பேர் போகலாம்னு எழுதி ஒட்டினீங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள். அம்மா பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இவ்வளவு நாளாக நெஞ்சில் ஏறி நின்ற பாரம் இறங்கிப் போனது அவளுக்கு அந்த நாற்காலியில்தான் தெரிந்தது.

"இது இப்படித்தான்பா. முறைச்சுப் பார்த்தாலே உதிரும். போன வருஷம் நான் தலை துவட்டும்போது துண்டு பட்டு இதைவிட மோசமாச்சு. இவர் கிட்ட மூணு நாள் பேசலை, இவர்தான் துண்டை நீட்டினார்னு."

"நான் துண்டுதான் நீட்டினேன்" என்றான் மருமகன் பொதுவாக. பிறகு, இவ்வளவு நாள் தேக்கி வைத்திருந்தது போல, "மாமா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பாத்ரூம் கதவு நீங்க மாத்தினதுக்கப்புறம்தான் சௌகரியமா இருந்துது" என்றான்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மகள். ஆனால் அதில் சூடில்லை.

அவர் உள்ளே போய்த் தட்டைக் கொண்டுவந்தார். இரண்டு கையாலும் ஏந்தி, தளும்பத் தளும்ப நிறைந்த ஏதோ ஒன்றைக் கொண்டுவருகிறவர் போல அடிமேல் அடி வைத்து வந்தார். மகள் அதைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. ஒரு குட்டியை, அருகே விரலைக் கொண்டுபோய், தொடாமலே பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர்க் கோப்பைத் தட்டு அவள் நினைவுக்கு வந்திருக்கலாம். "எல்லாத்தையும் பொறுக்கி வெச்சிருக்கீங்க" என்றாள்.

"ஒண்ணு ரெண்டு விட்டிருக்கும். ஷூ அலமாரியை நகர்த்தினா தெரியும்."

"நகர்த்த வேண்டாம்" என்று அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பெரிய தொட்டியை எடுத்துப் போக வேண்டிய நேரம் வந்தபோது மகள் சொன்னாள். "வீட்டுக்கு வாங்கப்பா. நீங்களே கொண்டுவந்து மாட்டிக் குடுங்க." அவர் கதவுப் பக்கமாகத் திரும்பி, செருப்பு எங்கே என்று தேடினார். கிளம்புகிறார் என்று அதற்கு அர்த்தம்.

காரின் பின்சீட்டில், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அவர் மடியில் தொட்டி இருந்தது. மகள் முன்சீட்டிலிருந்து "மெதுவா, மெதுவா" என்று மருமகனைத் திட்டிக்கொண்டே வந்தாள். புதுக் கட்டடம் ஆறு மாடி. மகள் வீடு ஆறாவது மாடியில். கீழே பளபளக்கும் எஃகுக் கதவோடு லிப்ட் இருந்தது. மருமகன் பொத்தானை அழுத்தினான். லிப்ட் மேலேயிருந்து இறங்கி வந்தது. வருகிற வழியில் எங்கேயோ ஒரு இடத்தில், லேசாக, ஒரு முனகல் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. இத்தனை வருடம் கூட வாழ்ந்ததால் அவர் மனைவிக்குக் கேட்டது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தலை லேசாகச் சாய்ந்திருந்தது.

கதவு திறந்தது. மகளும் மருமகனும் ஏறினார்கள். அவளும் ஏறினாள். அவர் ஏறவில்லை. தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "நீங்க போங்க, நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"அப்பா, ஆறு மாடி!"

"தெரியுது. கட்டினவங்க எழுதியே வெச்சிருக்காங்க."

மேலே அவர்கள் வெகுநேரம் காத்திருந்தார்கள். அவர் வந்து சேர்ந்தபோது சட்டை நனைந்து ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது, மொட்டைத் தண்டில் மிஞ்சியிருந்த குஞ்சங்கள் அப்படியே இருந்தன. கொக்கியை மருமகன்தான் துளை போட்டு மாட்டினான். அது கொஞ்சம் கோணல். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

செடிக்காகத்தான் படியேறினார் என்று அன்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நியாயம்தான். ஆனால் அதற்கப்புறம் மாதம் தவறாமல் மகள் வீட்டுக்குப் போகிறார், வெறும் கையை வீசிக்கொண்டு போகிறார், அப்போதும் படிதான். அந்தக் கட்டடத்தில் அவர் ஒருநாளும் லிப்டில் கால் வைத்ததில்லை. வேறு கட்டடங்களில் ஏறுகிறார். அந்த முனகலைக் கேட்டால் மோட்டார் அறையைத் திறக்காமல் அவரால் இருக்க முடியாது, அதனால்தான் என்கிறான் மருமகன். அப்பாவுக்கு உடற்பயிற்சி வேண்டுமாம் என்கிறாள் மகள். கூட வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவர், "தான் இறக்கினது எதுவும் குலுங்காதுன்னு அவன் நினைச்சுக்கிட்டிருந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். மனைவி ஒரே ஒருமுறை, படிக்கட்டின் அடியில் நின்று, நேராகவே கேட்டாள்.

"ஏங்க, ஏன்?"

"முழங்காலைப் பார்த்துக்கோ, நீ லிப்ட்ல போ" என்றார். அவளுக்காகப் பொத்தானை அழுத்தி, கதவு மூடும்வரை நின்று பார்த்துவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏற ஆரம்பித்தார்.